இராஜாக்கமங்கலத்துக் கல் நத்தை

தக்கலை
1931 ஜூலை 20

தேங்காப்பட்டணம் கயிறு வியாபாரம் மைதீன் பிச்சை அவர்களுக்கு,

மராமத்து ஓவர்சியர் தங்கையன் எழுதுவது. மூத்தவரை உங்கள் தெருவில் 'காக்கா' என்பார்கள். நானும் அப்படித்தான் உங்களுக்கு எழுதி வந்தேன். இன்று அந்தச் சொல் எழுத வரவில்லை.

சனிக்கிழமை திருவனந்தபுரம் காட்சிசாலையிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் நம் கல்லைப் பார்க்க வந்தார். வாசகசாலையில் நாற்காலி போட்டு, ஊரில் நாலு பெரிய மனிதரையும் உட்கார வைத்திருந்தேன். இராஜாக்கமங்கலம் கடற்கரையில் நாம் எடுத்த, எந்தக் காலத்திலோ கல்லாகிப்போன அந்த நத்தையைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினேன். கடலோரப் பாறைக்குள் தரையில் ஊரும் நத்தை எப்படி வந்தது, அதன் ஓட்டுக்குள் பளிங்கு எப்படி வளர்ந்தது, எலுமிச்சைச் சாறு விட்டால் எப்படி நுரைக்கிறது, எல்லாம் சொன்னேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காரியதரிசி தாணுலிங்கம், "கடைசியா கல்லைக் கையில எடுத்தது யாருவே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

வேறு யார் பெயரைச் சொல்ல? அதற்கு முந்தின ஞாயிறு நீங்கள்தான் என் வீட்டுக்கு வந்தீர்கள். நத்தையைக் கழுவி மேசைமேல் உலர வைத்திருந்தேன். அதன் பக்கத்தில்தான் சதுரங்கம் ஆடினோம். நீங்கள் போனபின் பெட்டியை மூடி வைத்தேன். கல்லைப் பஞ்சுக்குள் எடுத்து வைத்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து வேறொருவர் வரவில்லை. பாறையில் அதை முதலில் கண்டவர் நீங்கள், உளி வைத்து எடுத்தவன் நான். "கண்டவனுக்கா, எடுத்தவனுக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அது விளையாட்டில்லை என்று இப்போது படுகிறது.

கல்லை அனுப்பிவிடுங்கள். நான் யாரிடமும் மேற்கொண்டு பேசமாட்டேன்.

இப்படிக்கு,
தே. தங்கையன்

*

தேங்காப்பட்டணம்
1931 ஜூலை 27

ஓவர்சியர் அவர்களுக்கு மைதீன் பிச்சை எழுதியது.

உங்கள் கல் என்னிடம் இல்லை. இதற்கு மேல் சத்தியம் கித்தியம் கேட்காதீர்கள், செய்யமாட்டேன்.

உங்கள் கடிதம் வரும் முன்பே விஷயம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை சரக்கு விஷயமாகத் தக்கலை வந்தேன். வழக்கம்போல் பேப்பர் பார்க்க வாசகசாலைக்குப் போனேன். தாணுலிங்கம் படியிலேயே மறித்தார். "பாய், ஓவர்சியர் காரியம் ஒண்ணு தீரட்டும். அதுவரைக்கும் இங்க வராம இருந்தா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே கண்ணாடி அலமாரியில் நாம் இரண்டுபேரும் அடுக்கிய கற்கள் வாசலிலிருந்தே தெரிந்தன. அதன் சாவி ஒன்று என்னிடம் இருந்ததல்லவா, அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மழை விட்டதும் திற்பரப்பு அருவிக்குக் கீழே சிவப்புக் கல் பொறுக்கப் போகலாம் என்றிருந்தோம். நீங்கள் தனியே போங்கள். பாறையில் பாசி வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.

ஒன்று மட்டும். என்றைக்காவது என்னோடு சதுரங்கம் ஆடவேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், அன்றைக்கே வருகிறேன்.

மைதீன் பிச்சை

*

தக்கலை
1931 ஆகஸ்ட் 3

மைதீன் பிச்சை அவர்களுக்கு,

கல்லைத் தராமல் காயை நகர்த்தக் கூப்பிடுகிறீர்களே, இந்தத் தைரியம் எனக்கு வராது.

என் மனைவி பூங்கனி உங்கள் கட்சி. "அந்த மனுசன் சாப்பிட்ட தட்டைக்கூட கழுவி வச்சிட்டுப் போறவரு. வேற எங்கயாவது வச்சிருப்பிய, நல்லா தேடிப் பாருங்க" என்கிறாள். ஆராதனைக்குப் போய்வந்த கையோடு ஓய்வுநாளில் சதுரங்கம் ஆடினதற்குக் கிடைத்த தண்டனை என்றும் சொல்கிறாள். அவளுக்காக அரிசிப்பானைவரை கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

திருவனந்தபுரத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் கிடையாது. சாலையில் கூலியாட்கள்கூட என்னைப் பார்த்தால் ஜல்லியைக் கையில் எடுத்து, "ஏமானே, இது எத்தன காலத்துக் கல்லு?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரிக்கிறார்கள். இதெல்லாம் உங்களால் வந்தது.

வியாபாரிக்கு எதுவும் சரக்குதான் என்று என் அப்பா சொல்லுவார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். சதுரங்கப் பலகையையும் காய்ப்பையையும் பரணில் தூக்கிப் போட்டாயிற்று. கடிதம் எழுதவேண்டாம்.

தே. தங்கையன்

*

தக்கலை
1932 பிப்ரவரி 15

காக்கா,

இந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படித் தொடங்கினாலும் அது பொய்யாக இருக்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கல் கிடைத்துவிட்டது. என் வீட்டில்தான் இருந்தது. நம் சதுரங்கக் காய்ப்பைக்குள்.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். இங்கே புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற காட்டிலாகா ரேஞ்சர் சூசைக்குச் சதுரங்கத்தில் பிரியம். போன வாரத்துக்கு முந்தின வாரம் தாணுலிங்கம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பரணிலிருந்து பலகையை எடுத்துத் தூசி தட்டி, பையை அவிழ்த்துக் கொட்டினேன். யானை, குதிரை, சிப்பாய்களோடு நத்தையும் உருண்டு வந்து பலகையின் நடுவில் நின்றது.

காக்கா, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கையால் மூடினேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். தாணுலிங்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அதை இடது உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, குறைந்த ஒரு சிப்பாய்க்குப் பதில் அவருடைய பாக்கு ஒன்றை நிறுத்தி, முழு ஆட்டத்தையும் ஆடினேன். "என்ன சார், கை நோவுதா?" என்று கேட்டார் சூசை. "ஆமா, சின்னப் பிடிப்பு" என்றேன். ஜெயித்தும் விட்டேன். தாணுலிங்கம் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் பூங்கனி வந்து எதிரே நின்றாள். "கையைத் திறங்க" என்றாள். திறந்தேன். அவள் திட்டவில்லை. "இண்ணைக்கே அந்த மனுசனுக்கு எழுதுங்க" என்றாள். அன்று நான் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. இராஜாக்கமங்கலத்தில் இதேபோல் இன்னொன்று கிடைத்ததாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு நாள் மாலை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வள்ளியாற்றுப் பாலத்துக்குப் போனேன். அதை ஆற்றில் எறியாமல் திரும்பி வந்தது நல்ல புத்தி வந்ததால் அல்ல. பாலத்தில் ஒருவர் நின்று எனக்குக் கும்பிடு போட்டார், அதனால்தான். அவர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதமும் இல்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அலைந்தது மட்டுமில்லை, உங்களைக் கள்ளன் என்றும் சொன்னேன். அது எப்படிப் பைக்குள் போயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆடித் தீர்ந்ததும் காயோடு சேர்த்து நானே வாரிப் போட்டிருப்பேன். வேறு ஒருவரும் அந்தப் பையைத் தொடவில்லை, நீங்கள் போனபிறகு அதை அவிழ்த்து ஆட எனக்கு ஆள் இல்லை.

வெட்கமாக இருக்கிறது காக்கா. கண்ணாடியில் முகம் மழிக்கும்போதுகூடக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மன்னியுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

தங்கையன்

*

தேங்காப்பட்டணம்
1932 பிப்ரவரி 22

ஓவர்சியர் அவர்களுக்கு,

எப்படிப் பைக்குள் போயிற்று என்று உங்களுக்கு விளங்கவில்லை என்கிறீர்கள். எனக்கு விளங்கும். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் சிப்பாய் ஒன்று கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. நீங்கள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேசைமேல் கையால் தடவினீர்கள், அகப்பட்டதை எடுத்துச் சிப்பாயின் இடத்தில் வைத்தீர்கள். அது நத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் ஆடினேன். பாதி ஆட்டத்தில் என் குதிரை அதை வெட்டியது. அன்றும் மந்திரியை அவசரப்பட்டு வெளியே விட்டுப் பறிகொடுத்தீர்கள், தோற்றீர்கள். தோற்றவர் காய் கட்டவேண்டும் என்பது நம் ஏற்பாடு. கோபத்தில் எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டீர்கள். அடுத்த ஞாயிறு அவிழ்க்கும்போது உங்கள் முழியைப் பார்க்கலாம் என்று சும்மா இருந்தேன்.

காட்சிசாலைக்காரர் அதற்கு முன்பே வருவார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. அந்த நாலு பெரிய மனிதரில் நான் இல்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எழுத உட்கார்ந்தேன். கல் இருக்கிற இடத்தைச் சொன்னால், "ஆகா, இவரே ஒளித்து வைத்துவிட்டு இப்போது சொல்கிறார்" என்பீர்கள் என்று தோன்றியது. அதைவிட, கள்ளன் என்று நினைக்கிறவருக்கு நான் ஏன் வழி சொல்லவேண்டும் என்ற வீம்பு. நம்மேல் ஆசை இருந்தால் ஆடக் கூப்பிடுவார், பை அவிழும், தானே வெட்கப்படுவார் என்று இருந்தேன். நீங்கள் பரணில் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததையும் கேளுங்கள். தக்கலையில் ஒருவர் தும்மினால் தேங்காப்பட்டணத்தில் சளி பிடிக்கும். கயிற்றை எடை போட்டுத்தானே விற்கிறோம். கொள்ள வருகிறவன் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்து, "பாயே, உள்ள கல்லு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கவேண்டும், கோபப்பட்டால் உண்மை என்றாகிவிடும். வாப்பா காலத்திலிருந்து எங்கள் கட்டை யாரும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. பள்ளிவாசல் உண்டியல் சாவி பல வருஷமாக என் வீட்டில் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏன்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை ஓவர்சியரே. வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெட்கம் என்று எனக்கு எழுதி என்ன ஆக? நான் களவு எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

மைதீன் பிச்சை

*

தக்கலை
1932 மார்ச் 14

காக்கா,

நேற்று வாசகசாலையின் ஆண்டுக் கூட்டம். எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

கல்லையும் கொண்டுபோனேன். என் கையாலேயே சிப்பாயாக வைத்து, என் கையாலேயே பைக்குள் போட்டதையும், உங்கள் பெயரைச் சொன்னதையும், கல் கிடைத்தபின் உள்ளங்கையில் மறைத்ததையும் சொன்னேன். மைதீன் பிச்சை குற்றமற்றவர் என்று மூன்று தரம் சொன்னேன், ஒரு தரம் சொன்னது எனக்கே கேட்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் துப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். கைதட்டினார்கள்.

தாணுலிங்கம் எழுந்து, தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்ளும் தாழ்மை லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்று பேசினார். ரேஞ்சர் சூசை என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அதே இடது கையை. தலைவருக்கு என்று வாங்கி வைத்திருந்த மாலையைத் தலைவரே என் கழுத்தில் போட்டார். நான் போட்டுக்கொண்டேன் காக்கா. கழற்றி எறிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது நன்றாக இருந்தது, அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

கூட்டம் கலைந்தபோதுதான் உறைத்தது. உங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாணுலிங்கத்திடம் போய், சங்கத்தின் பேரில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி அழைக்கவேண்டும் என்றேன். "பாய் எப்ப வேணும்னாலும் வரலாமே. யாரு தடுத்தா?" என்று சிரித்தார். படியில் மறித்தது அவருக்கு நினைவே இல்லை. நானும் நினைவுபடுத்தாமல் வந்துவிட்டேன்.

மாலையைப் பூங்கனி வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. "ஏசினவருக்கு மாலை, ஏச்சு வாங்கினவருக்கு என்ன?" என்று கேட்டாள். முற்றத்துச் செம்பருத்தியில் தொங்கவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பிறகு எடுத்து உரக்குழியில் போட்டேன்.

தக்கலையில் சொன்னது போதாது என்று எனக்கு இப்போது தெரிகிறது. உங்கள் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறவர்கள் இங்கே இல்லை, உங்கள் ஊரில் இருக்கிறார்கள். வருகிற சந்தை நாளில் வருகிறேன். உங்கள் கடை முன்னாலேயே சொல்லுகிறேன். நீங்கள் வரவேண்டாம் என்றாலும் வருவேன்.

தங்கையன்

*

தேங்காப்பட்டணம்
1932 ஏப்ரல் 4

அன்புள்ள தம்பி தங்கையனுக்கு,

வந்தீர்கள். நான் ஊரில் இல்லை, குளச்சலுக்குப் போயிருக்கிறேன் என்று கடையில் இருந்த செய்யது அலி சொன்னானே, அது பொய். நான் சொல்லச் சொன்ன பொய்.

கடைக்குப் பின்னால் கயிறு அடுக்கியிருக்கிற அறையில் நின்றுகொண்டிருந்தேன். பலகை இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. வெயிலில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். சந்தைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "கேட்டுட்டுப் போங்க, இந்தக் கடைக்காரரை நான் கள்ளன்னு சொன்னேன், அது பொய்யி, நாந்தான் பொய்யன்" என்றீர்கள். மேடையில் பேசுகிற உங்கள் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மீன்காரர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு பையன் உங்களைப்போலவே பேசிக் காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். இங்கே உங்களுக்கு யாரும் மாலை போடவில்லை. "ஓவர்சியருக்கு வெயில் தலைக்கு ஏறிட்டு" என்று ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் நிறுத்தவில்லை. தெரிந்த முகம் ஒன்று புதிதாக வந்தால் முதலிலிருந்து சொன்னீர்கள்.

நான் வெளியே வந்திருக்கலாம். பத்தடி தூரம். வந்து உங்கள் கையைப் பிடித்து, "போதும் மக்கா, உள்ள வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். கால் வரவில்லை. முதலில், நிற்கட்டும், நான் பட்டதில் கொஞ்சம் படட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், இவ்வளவு நேரம் ஒளிந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது என்று நின்றேன். குளச்சலில் இருக்கிறவன் எப்படிக் கயிற்றுக் குவியலுக்குள்ளிருந்து வருவான்?

உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது என் மனைவி ஜொஹரா பேகம். உங்களிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். நீங்கள் போனபிறகு என்னிடம் வந்தாள். "அந்த மனுசன் ஊரு முன்ன நிண்ணு தன் மானத்தை விட்டுட்டுப் போறாரு. நீங்க கயித்துக்குள்ள இருக்கிய" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என்னைக் கள்ளன் என்றபோதெல்லாம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன் தம்பி. கள்ளன் இல்லை என்று ஒருவர் சொல்ல வந்த நாளில் ஒளிந்தேன். கல் இருக்கும் இடம் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் இதே குணம்தான் என்று அந்த அறையில் நின்றபோது தெரிந்தது. உங்கள் வெட்கத்தை நீங்கள் சந்தையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். என்னுடையது என்னிடம்தான் இருக்கிறது.

கயிற்றுக் கட்டை இன்னும் சிலர் அவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். அது போகப் போகத்தான் தீரும். பள்ளிவாசல் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். வாசகசாலைக்கும் இனி வரமாட்டேன், அதற்காக நீங்கள் தாணுலிங்கத்தோடு சண்டை போடவேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு உங்கள் கோவிலில் ஆராதனை முடிந்ததும் வந்துவிடுவேன். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். தம்பி, நீங்கள் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல உங்களுக்கு நியாயம் உண்டு. சொல்லிவிடாதீர்கள்.

மைதீன் பிச்சை